கையிருப்பு குறைந்தது; வரவு நின்றதா?



சென்ற மாதம் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார்கள். "போதகர் ஐயா அவர்களுக்கு, தொழுநோய் ஒழிந்துவிட்டதாக அரசாங்கமே அறிவித்துப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊரில் இப்போது அந்த வியாதியுள்ளவர் ஒருவரையும் காணோம். ஆனாலும் தொழுநோய் ஊழியத்துக்கென்று வருஷந்தோறும் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கு அனுப்பி வருகிறோம். அதை வேறு தேவைக்குக் கொடுக்கலாமே என்று கமிட்டியில் கேள்வி எழுந்தது. உண்மை நிலவரத்தைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

இந்தக் கடிதம் எங்களைப் புண்படுத்தவில்லை. பணம் அனுப்புகிறவர்கள் இப்படிக் கேட்கத்தான் வேண்டும். கேள்வியில் எங்கள் பங்கும் உண்டு என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுகிறோம். 2006-ம் வருடம் ஜனவரி மாதத்தில், இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இராதபடி ஒழிக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்தபோது, எங்கள் சிற்றாலயத்தில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை நடத்தினோம். அந்த இதழில் முதல் பக்கத்திலேயே 'தொழுநோய் ஒழிந்தது' என்று தலைப்புப் போட்டோம். 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக' என்ற வார்த்தைகள் தலைப்புக்கு நீளமாக இருந்ததால் அவற்றை விட்டுவிட்டோம். ஸ்தோத்திரம் செலுத்தியதில் பிழையில்லை. தலைப்பில்தான் பிழை.

அந்தப் பிழை என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால் வியாதிகளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். இதை எழுதுகிற நாங்கள் கணக்குப் பாடத்துக்குப் பயந்து வேதசாஸ்திரத்துக்குள் ஓடினவர்கள். எங்களுக்கே எங்கள் சமூக நல மருத்துவர் ஒரு சாயங்காலம், தேநீர் ஆறுவதற்குள், இதை விளங்க வைத்துவிட்டார்.

எண்ணுவது என்றாலே நம் சபையாரில் சிலருக்குத் தாவீது ராஜா ஜனத்தொகை எடுத்து வாதையை வரவழைத்துக்கொண்டது ஞாபகம் வரும். ஆனால் நூறு ஆடுகளை உடைய மேய்ப்பனும் எண்ணினவன்தான். எண்ணாமல் இருந்திருந்தால் ஒன்று குறைவது அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இந்த உவமையில் நாங்கள் இத்தனை வருடங்கள் கவனியாமல் விட்ட ஒன்றை அந்த மருத்துவர் காட்டினார். 'ஒன்று காணாமற்போயிற்று' என்று மட்டும் சொன்னால் அது பாதிச் செய்தி. 'நூறில் ஒன்று' என்றால்தான் அது முழுச் செய்தி. ஒரு கிராமத்தில் 6 நோயாளிகள், இன்னொன்றில் 12 நோயாளிகள் என்றால் இரண்டாவதே மோசம் என்று நினைப்போம். முதல் கிராமத்தில் 600 பேர், இரண்டாவதில் 6,000 பேர் என்று தெரிந்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. முதலாவதில் நூற்றுக்கு ஒருவர், இரண்டாவதில் ஐந்நூற்றுக்கு ஒருவர். ஆகவே நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போதே எத்தனை பேரில், எந்தக் காலத்தில் என்பதையும் கேட்க வேண்டும். நோய்க் கணக்கின் முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடத்துக்கு நம் சபைப் பொருளாளரின் அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக் கூட்டத்தில் அவர் இரண்டு தொகைகளை வாசிப்பார். இந்த வருடம் வந்த வரவு இவ்வளவு. இன்றைய தேதியில் கையிருப்பு இவ்வளவு. இரண்டும் ஒன்றல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். கையிருப்பு குறைந்திருந்தால் காணிக்கை குறைந்துவிட்டது என்று உடனே சொல்லமாட்டோம். வரவு அப்படியே இருந்து, செலவு வேகமாக நடந்திருக்கலாம்.

வியாதிக்கும் இப்படி இரண்டு கணக்குகள் உண்டு. ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை பேர் நோய்ப்படுகிறார்கள் என்பது வரவு. மருத்துவர்கள் இதை 'இன்சிடென்ஸ்' என்பார்கள். இன்றைய தேதியில் நோயோடு இருக்கிறவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது கையிருப்பு. அதற்கு 'பிரிவலென்ஸ்' என்று பெயர். வந்தவர்கள் எவ்வளவு காலம் ஏட்டில் தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே கையிருப்பு ஏறும், இறங்கும். சளிக்காய்ச்சலில் வரவு மிகுதி, கையிருப்பு சொற்பம். வந்தவர் ஒரு வாரத்தில் போய்விடுகிறார். நீரிழிவில் வந்தவர் கடைசிவரை இருக்கிறார், ஆகையால் கையிருப்பு வருடாவருடம் பெருகுகிறது. மரணத்தை எண்ணுவது மூன்றாவது கணக்கு. தொழுநோயால் நேரடியாக மரிப்பவர்கள் அபூர்வம் என்பதால் அந்தக் கணக்கில் இந்த நோய் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை. வெறிநாய்க்கடி நோயில் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். தொழுநோய் ஆளைக் கொல்லாது, கையையும் காலையும் கண்ணையும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும்.

இனி ஒரு தாலுகாவைக் கற்பனை செய்துகொள்வோம். ஜனத்தொகை 1,00,000. வருடந்தோறும் அங்கே 20 பேருக்குப் புதிதாகத் தொழுநோய் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 20 எந்த வருடத்திலும் மாறவில்லை. டாப்சோன் மாத்திரை ஒன்றே இருந்த நாட்களில் பெரும்பாலோர் அதை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டியிருந்தது. ஏட்டில் ஏறிய பெயர் இறங்குவதில்லை. ஒவ்வொருவரும் 20 வருடம் இருந்தால் ஏட்டில் 400 பேர், பதினாயிரத்துக்கு 40. சிகிச்சை இரண்டு வருடமாகக் குறைந்தால் ஏட்டில் 40 பேர், பதினாயிரத்துக்கு 4. ஒரு வருடமானால் 20 பேர்; பதினாயிரத்துக்கு 2. ஆறு மாதமானால் 10 பேர், பதினாயிரத்துக்கு 1. பதினாயிரத்துக்கு 40 என்பது 1 ஆகிவிட்டது. புதிதாக நோய்ப்பட்டவர்கள் மட்டும் அதே 20 பேர்.

இது கற்பனைத் தாலுகா. உண்மையில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் என்ற மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981-ல் சிபாரிசு செய்தது. நோய்க்கிருமி குறைவாக உள்ளவர்களுக்கு ஆறு மாதம், மிகுதியாக உள்ளவர்களுக்கு குறைந்தது இரண்டு வருடம். 1990-களின் இறுதியில் இந்த இரண்டு வருடம் ஒரு வருடமாகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையே, 1991-ல், பதினாயிரம் பேரில் ஏட்டிலுள்ள நோயாளி ஒருவருக்கும் குறைவு என்ற நிலையையே 'பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிதல்' என்று உலக நாடுகள் வரையறுத்தன. அதாவது, இலக்கை கையிருப்பில் வைத்தார்கள்.

1985-ல் உலக முழுவதும் ஏட்டில் இருந்தவர்கள் ஏறத்தாழ 52 லட்சம் பேர். 1999-ம் வருட இறுதியில் அது ஏறத்தாழ 7.5 லட்சமாக இறங்கிவிட்டது. இப்போது அடுத்த எண்ணைக் கேளுங்கள். 2001-ம் வருடம் ஒன்றில் மட்டும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 7.6 லட்சத்துக்கு மேல். ஒரு வருட வரவு மொத்தக் கையிருப்பைவிட அதிகமாயிருந்தது! பொருளாளர் இப்படி ஓர் அறிக்கை வாசித்தால் சபையார் சும்மா இருப்பார்களா?

கூட்டு மருந்து சிகிச்சையை நாங்கள் குறைத்துப் பேசுவதாக ஒருவரும் எண்ண வேண்டாம். அது எங்கள் கண்முன் நடந்த பெரிய நன்மை. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பதினாயிரத்துக்கு 50-க்கு மேல் நோயாளிகள் ஏட்டில் இருந்தார்கள். ஆயுள் முழுவதும் மாத்திரையும் மறைவுமாய் வாழ வேண்டியிருந்தவர்கள் ஒரு வருடத்தில் 'ஆர்.எஃப்.டி.' ஆகி, அதாவது சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டு, வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறோம். வரவும் நாளடைவில் குறைந்தே வந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்ல இன்னொரு முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

ஏட்டில் ஏறுகிறவர், நோய்ப்பட்டவர் எல்லாரும் அல்ல. யாராவது கண்டுபிடித்தவர் மட்டுமே. இந்தியாவில் 2004-05-ல் புதிதாகக் கண்டவர்கள் 2.6 லட்சம். 2006-07-ல் 1.39 லட்சம். இரண்டே வருடத்தில் ஏறத்தாழ பாதி. தொழுநோய்க் கிருமி மிகவும் மெதுவாகப் பெருகுவது. உள்ளே புகுந்து வெளியே தெரிய சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடமும் ஆகும். 2006-ல் தேமல் கண்டவருக்கு 2001-லோ அதற்கு முன்போ தொற்றியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நோய் இரண்டு வருடத்தில் பாதியாகுமா? ஏறக்குறைய அதே காலத்தில்தான் வீடு வீடாய்ப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்க்கிற வழக்கம் நின்றது. தொழுநோய்க்கென்று இருந்த தனிப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் எண்ணிக்கை ஏறக்குறைய அசையவே இல்லை, 2016-17-லும் 1.35 லட்சம். அந்த 2016-ல் பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் மறுபடியும் வீடு வீடாகத் தேடினார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கிடைத்தார்கள். அவர்கள் அன்று நோய்ப்பட்டவர்கள் அல்ல, அன்று பார்க்கப்பட்டவர்கள்.

இதற்கு இன்னும் தெளிவான சாட்சி கொரோனா வருடம். 2019-ல் உலகில் 2 லட்சத்துக்குச் சற்று அதிகமாகப் புதிய நோயாளிகள், 2020-ல் 1.28 லட்சத்துக்கும் குறைவு. இந்தியாவில் 1.14 லட்சம் என்பது 65 ஆயிரம் ஆயிற்று. கிருமி ஊரடங்குக்குக் கட்டுப்பட்டதாக யாரும் சொல்லமாட்டார்கள். பணியாளர்கள்தான் வெளியே போகவில்லை. பிற்பாடு 2023-ல் இந்தியாவில் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டியது, உலகில் 1.8 லட்சத்தைத் தாண்டியது.

அப்படியானால் மெய்யான வரவை எப்படி அறிவது? நேராக அறிய வழியில்லை, ஜாடையாக அறிய இரண்டு வழி உண்டு. புதிய நோயாளிகளில் சிறுபிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்ப்பது ஒன்று. அறுபது வயதானவர் எப்போதோ வாங்கிய தொற்றை இப்போது காட்டலாம். எட்டு வயதுப் பிள்ளை பிறந்த பிறகுதானே வாங்கியிருக்க முடியும்? பிள்ளைகள் இருக்கிற வரையில் நோய் இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2023-ல் உலகில் அப்படிக் கண்ட பிள்ளைகள் 10,000-க்கு மேல். மற்றொன்று, முதல்முறை வரும்போதே கை மடங்கியோ, காலில் புண்ணோடோ, கண் மூடாமலோ வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது. அது நோயின் கணக்கைவிட நம் தாமதத்தின் கணக்கு. 2023-ல் அவர்கள் 9,700-க்கு மேல்.

இந்த ஏட்டு வேலை நம் நாட்டில் தொடங்கியதல்ல. ஐரோப்பாவின் வட கோடியிலுள்ள நார்வே தேசம் ஒரு காலத்தில் தொழுநோய்க்குப் பேர்போனது. அங்கே பெர்கன் பட்டணத்துச் செயின்ட் யோர்கன் மருத்துவமனையில் வெல்ஹாவன் என்ற ஒரு போதகர், எங்களைப் போலவே நோயாளிகளின் ஆத்தும விசாரணைக்காக வைக்கப்பட்டவர், 1816-ல் அந்த நோயாளிகளின் நிலையை விவரமாக எழுதி வெளியிட்டார். நம் உத்தியோகத்தில் இருந்த ஒருவர் பிரசங்கத்தோடு நிறுத்திவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதினார் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். பின்பு 1856-ல் அந்த அரசாங்கம் தேசம் முழுவதற்கும் ஒரே தொழுநோய் ஏட்டைத் தொடங்கியது. ஒரு நோய்க்கென்று உலகில் ஏற்பட்ட முதல் தேசிய ஏடு அதுவே. நோய் அற்றுப்போகும் வரையில் அதில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறின.

அந்நாட்களில் பெரிய வைத்தியர்களே இது பரம்பரை நோய் என்று நம்பினார்கள். ஹேன்சன் என்ற இளம் மருத்துவர் 1873-ல் கிருமியைக் கண்டார். கண்டது மட்டும் போதாமல், அந்த ஏட்டையும் சாட்சிக்கு அழைத்தார். எந்த மாவட்டங்களில் நோயாளிகள் மிகுதியாக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்களோ அங்கே புதிய வரவு சீக்கிரமாகக் குறைந்ததை எடுத்துக் காட்டினார். பரம்பரை நோயானால் அப்படிக் குறையாதே. (நோயாளிகளை அடைத்து வைத்ததை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. இப்போது மருந்து தொடங்கியவுடன் தொற்றுவது நின்றுவிடுகிறபடியால் யாரையும் பிரித்து வைக்கத் தேவையே இல்லை. லேவியராகமத்து ஆசாரியனாவது ஏழு நாள் கழித்து மறுபடியும் வந்து பார்த்தான். நம் ஜனங்கள் பலர் திரும்பிப் பார்க்கவே இல்லை.)

இனி தடுப்பைப் பற்றி. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியதும், விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப்போனதால் காயமும் சூடும் பட்டுத் தேய்ந்து போகின்றன என்று காட்டியதும் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். எம்.சி.ஆர். செருப்பும், தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதும் அந்த வழியில் வந்தவை. இது ஊனத்தைத் தடுப்பது. உணர்ச்சியற்ற தேமலைச் சீக்கிரமே கண்டுபிடித்து மருந்து கொடுப்பது அதற்கு முந்தின படி. நோயே வராமல் தடுப்பது எல்லாவற்றிலும் முந்தின படி. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி இதில் ஓரளவு உதவுகிறது. இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நல்லது.

பங்களாதேஷின் வடமேற்கில் புதிதாய்க் கண்ட 1,037 நோயாளிகளின் வீட்டார், அயலார், உறவினர் 21,000-க்கு மேற்பட்டவர்களை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசினும், மறுபகுதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, நான்கு வருடம் கவனித்தார்கள். முடிவு 2008-ல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை பெற்ற 9,452 பேரில் 91 பேருக்கு நோய் வந்தது. மருந்து பெற்ற 9,417 பேரில் 59 பேருக்கு வந்தது. பதினாயிரத்துக்கு என்று மாற்றினால் ஏறத்தாழ 96-ம் 63-ம். முதல் இரண்டு வருடத்தில் மட்டும் பார்த்தால் நோய் 57 சதவீதம் குறைந்திருந்தது. பின் இரண்டு வருடத்தில் இரு பகுதியாருக்கும் வித்தியாசமில்லை.

57 சதவீதம் என்று சொன்னால் கைதட்டத் தோன்றும். பதினாயிரத்துக்கு 33 பேர் குறைந்தார்கள் என்று சொன்னால், இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டும் ஒரே ஆராய்ச்சியின் இரு முகங்கள். யாராவது சதவீதத்தை மட்டும் சொல்லிப் பணம் கேட்டால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டாலும் அப்படியே கேளுங்கள். ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 300 பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் முடிவு. 299 பேருக்கு வீண்தானே என்று எங்கள் ஊழியர் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரியாது, அதுதான் சங்கதி. ஆனால் மாத்திரையைவிட இதில் பெரிய ஆதாயம் வேறொன்று உண்டு என்று எங்களுக்குப் படுகிறது. மாத்திரை கொடுக்கப் போகிறவர் 300 பேரையும் வீட்டிலேயே பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இந்த முறையைச் சிபாரிசு செய்தது. நம் தேசியத் திட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது. 2027-க்குள் நோய் கைமாறுவதையே நிறுத்துவது இந்தியாவின் இலக்கு. இந்த முறை இலக்கைக் கையிருப்பில் வைக்காமல் வரவில் வைத்திருக்கிறார்கள். 2024-ல் யோர்தான் தேசம் உலகிலேயே முதலாவதாகத் தொழுநோயை முற்றிலும் நீக்கிய தேசம் என்று உலக சுகாதார நிறுவனத்தால் உறுதி செய்யப்பட்டது. இருபது வருடத்துக்கு மேலாக அங்கே உள்ளூரில் தொற்றிய நோயாளி ஒருவரும் இல்லை. நாகமான் முழுகி எழுந்த நதியின் தேசம் என்று வாசித்தபோது எங்கள் சிற்றாலயத்தில் ஒரு சிரிப்பொலி எழுந்தது.

இப்போது அந்தப் பெண்கள் சங்கத்தாருக்குப் பதில்.

சென்ற வருடம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எங்களிடம் கூட்டிவந்தார்கள். பென்சில் பிடிக்க முடியவில்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருந்தன. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கிச் சுட்ட தழும்பு இருந்தது. சுட்டது அவனுக்குத் தெரியவில்லை. முழங்கையருகே வெளுத்த தேமல். இரண்டு வருடமாக இருக்கிறது, பூச்சித் தேமல் என்று பூச்சி மாத்திரை கொடுத்தோம் என்றார் தாயார். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் மாத்திரையாலேயே பெரும்பாலும் சரிப்படுத்தியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இனி அறுவைச் சிகிச்சைதான்.

எங்கள் களப்பணியாளர் அவன் வீட்டுக்குப் போனார். பேரனை மடியில் வைத்து வளர்த்த பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். காதுமடல் தடித்திருந்தது, புருவத்தில் முடியில்லை. வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். பரிசோதனையில் கிருமி மிகுதியாக இருந்தது. எத்தனையோ வருடங்களாக அந்த அம்மாள் நோயோடு இருந்திருக்கிறார்கள். எங்கள் ஸ்தோத்திர ஆராதனை நடந்த 2006-லும் ஒருவேளை கிருமி உள்ளே இருந்திருக்கும். ஆனால் எந்த வருட வரவிலும் அவர்கள் பெயர் இல்லை, எந்தக் கையிருப்பிலும் இல்லை. ஏட்டின்படி அந்தக் கிராமம் சுத்தமாயிருந்தது.

வரவிலும் கையிருப்பிலும் வராத இன்னொரு கூட்டமும் உண்டு. சிகிச்சை முடிந்து ஏட்டிலிருந்து பெயர் எடுக்கப்பட்டவர்கள், ஆனால் மரத்துப்போன காலும் ஆறாத புண்ணும் அப்படியே உள்ளவர்கள். எங்கள் வார்டில் இன்று படுத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. கணக்கின்படி அவர்கள் நோயாளிகள் அல்ல. உங்கள் காணிக்கையில் பெரிய பங்கு அவர்களுடைய கட்டுத்துணிக்கும் செருப்புக்கும், சிறிய பங்கு களப்பணியாளரின் பெட்ரோலுக்கும் போகிறது. வேறு தேவைக்குக் கொடுப்பதா என்பதைக் கமிட்டியார் ஜெபத்தோடே தீர்மானிக்கட்டும். நாங்கள் நிலவரத்தை மட்டும் எழுதினோம்.

பையனுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது பிசியோதெரபி பகுதியில் களிமண் பிசைந்து விரல்களைப் பழக்குகிறான். பாட்டி ஒன்பதாவது மாத அட்டையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டாரும் அயலாருமாக எங்கள் பணியாளர் எழுதிய பட்டியலில் 41 பெயர்கள். 38 பேரைப் பார்த்தாயிற்று. அவர்களில் ஒரு கர்ப்பிணிக்கும், இரண்டு வயதாகாத இரு குழந்தைகளுக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. இருவருக்கு இருமல் இருந்ததால் முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். மற்ற 33 பேரும் எங்கள் கண்முன்னே விழுங்கினார்கள். மீதி மூன்று பேர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். போகிக்கு மறுநாளே பணியாளர் அங்கே இருப்பதாக ஏற்பாடு.